பின் ஸ்பீக்கர் ஏன் வாய் திறப்பதில்லை?

ஹோம் தியேட்டரை மாட்டி முடித்ததும் பலருக்கும் நேர்வது இதுதான்: படம் ஓடுகிறது, முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரிலும் சத்தம் கணீரென்று வருகிறது, பின்னால் வைத்த இரண்டும் வாயே திறப்பதில்லை. உடனே கை ஒயரைத்தான் தேடிப் போகும். பிடுங்கி மறுபடி செருகுவோம், இடதை வலதாக மாற்றிப் பார்ப்போம். ஒயரில் கோளாறு இருக்கலாம். ஆனால் அதைவிட அடிக்கடி நடப்பது வேறு. ஆறு தடங்களாக, அதாவது ஸ்பீக்கருக்கு ஒன்றாகத் தனித்தனியாகப் புறப்பட்ட ஒலி, வழியில் ஏதோ ஒரு பெட்டியில் இரண்டாகச் சுருங்கிவிடுகிறது. ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டியான ரிசீவருக்கு வந்து சேர்வதே இரண்டுதான் என்றால், பின் ஸ்பீக்கருக்கு அது எதைக் கொடுக்கும்?

எங்கே சுருங்குகிறது என்று தேடும் முன், பாதையை இரண்டாக வெட்டிவிடலாம். ரிசீவரின் ஸ்பீக்கர் மெனுவில் 'டெஸ்ட் டோன்' என்று ஒன்று இருக்கும். அதை ஓடவிட்டால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். அந்த இரைச்சல் ரிசீவருக்குள்ளேயே உருவாவது. டிவிக்கும் பிளேயருக்கும் அதில் சம்பந்தமே இல்லை. பின் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்டதா? அப்படியானால் ரிசீவரிலிருந்து ஸ்பீக்கர் வரை எல்லாம் சரி, ஒயரைத் தொடவே வேண்டாம். கேட்கவில்லையென்றால் மட்டும் ரிசீவரின் பின்பக்கம் போகலாம்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஒயர் எந்த இணைப்பில் இருக்கிறது என்பதை. 7.1 (ஏழு ஸ்பீக்கர், ஒரு பேஸ் ஸ்பீக்கர்) ரிசீவர்களில் 'சரவுண்ட்', 'சரவுண்ட் பேக்' என்று இரண்டு ஜோடி இருக்கும். ஸ்பீக்கர் பின்னால்தானே இருக்கிறது என்று 'பேக்'கில் மாட்டிவிடுகிறோம். 5.1 ஒலியின் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் ஸ்பீக்கர் என ஆறு தடம்) பின் தடங்கள் போவதோ 'சரவுண்ட்' ஜோடிக்கு. அந்த ஸ்பீக்கர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் இடமும் நேர் பின்புறம் அல்ல. கேட்பவரின் முகத்துக்கு நேர்க்கோட்டிலிருந்து இருபுறமும் 100 முதல் 120 டிகிரி வரை, அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால்.

டெஸ்ட் டோன் சரியாக இருந்தால் அடுத்து ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். பல ரிசீவர்களில் உள்ளே வரும் தடங்களை எல், சி, ஆர், எஸ்எல், எஸ்ஆர் (இடது, நடு, வலது, சரவுண்ட் இடது, சரவுண்ட் வலது) என்று சின்னச் சின்னக் கட்டங்களில் காட்டும். சிலவற்றில் 'தகவல்' பட்டனை அழுத்தினால் திரையில் வரும். எல்லும் ஆரும் மட்டும் எரிந்தால், வருவது இரண்டே தடம் கொண்ட ஸ்டீரியோ. இதைக் காதால் மட்டும் தீர்மானிக்க முடியாது. 'ஆல் சேனல் ஸ்டீரியோ' போன்ற மோடில் இரண்டு தட ஒலியையே எல்லா ஸ்பீக்கருக்கும் நகலெடுத்து அனுப்புவார்கள். சுற்றிலும் சத்தம் கேட்கும், ஆனால் பின்னாலிருந்து வர வேண்டிய மழைச் சத்தம் முன்னாலும் சேர்ந்தே கேட்கும். அது சரவுண்ட் ஆகாது.

சரி, ஆறு தடம் ஏன் இரண்டாகக் குறைகிறது? ஒரு காரணம் கேபிளின் கொள்ளளவு. ஒலியை அளந்து எடுக்கும் மாதிரிகள் நொடிக்கு 48,000, மாதிரிக்கு 16 பிட் என்று கணக்குப் போட்டால், சுருக்கப்படாத ஸ்டீரியோவுக்கு நொடிக்கு 15.36 லட்சம் பிட் வேண்டும். ஆறு தடங்களுக்கு 46 லட்சம். டிஜிட்டல் ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிக்கல் கேபிள் 1980களில், சிடி வந்த காலத்தில், ஸ்டீரியோவை மனத்தில் வைத்து உருவானது; சுருக்கப்படாத ஒலியை இரண்டு தடத்துக்கு மேல் அது ஏற்காது. டால்பி டிஜிட்டல் என்ற சுருக்க முறை அதே ஆறு தடங்களையும் அதிகபட்சம் 6.4 லட்சம் பிட்டுக்குள் சுருக்கிவிடுகிறது. அதனால்தான் அந்தக் குறுகிய வழியிலும் 5.1 போகிறது. ஆனால் அதைப் பிரிக்காமல் அப்படியே அனுப்ப வேண்டும். பிளேயரின் ஆடியோ மெனுவில் 'பிசிஎம்' (சுருக்கப்படாத ஒலி) என்று வைத்தால் பிளேயரே பிரித்துவிடும். பிரித்த ஆறில் இரண்டுதான் ஆப்டிக்கலில் நுழையும். ஆப்டிக்கல் என்றால் 'பிட்ஸ்ட்ரீம்' (சுருக்கியதைப் பிரிக்காமல் அனுப்புவது) என்றே வையுங்கள்.

எச்டிஎம்ஐ கேபிளில் இடநெருக்கடி இல்லை. சுருக்கப்படாத எட்டுத் தடங்களும் தாராளமாகப் போகும். ஆனால் அதில் இன்னொரு விஷயம் நடக்கிறது. செருகியதும் பிளேயர் எதிர்ப்பக்கக் கருவியிடமிருந்து ஒரு சிறு அட்டவணையைப் படித்துக்கொள்கிறது. இ.டி.ஐ.டி. என்பது அதன் பெயர். எந்தெந்தப் பட அளவு எனக்குத் தெரியும், எந்தெந்த ஒலி வடிவம் புரியும், எத்தனை தடம் வாங்குவேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிளேயர் அதை நம்பித்தான் அனுப்புகிறது.

இப்போது பிளேயரை டிவியில் செருகி, டிவியிலிருந்து ரிசீவருக்கு ஒலியை எடுக்கும் வீட்டை நினைத்துப் பாருங்கள். பிளேயர் கேட்பது டிவியிடம். பல டிவிகள் தங்களிடம் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரை வைத்து 'ஸ்டீரியோ' என்று சொல்லிவிடுகின்றன. பின்னால் ஒரு ரிசீவர் காத்திருப்பது பிளேயருக்குத் தெரியவே தெரியாது. பழுது என்று சொல்ல எந்தக் கருவியிலும் ஒன்றும் இல்லை, கேபிளும் நல்ல கேபிள்தான், ஆனாலும் ஆறு இரண்டாகிவிட்டது. வேறு சில டிவிகளில் இன்னொரு விசித்திரம்: டிவிக்குள் இருக்கும் ஆப்களில் 5.1 வரும், வெளியிலிருந்து செருகிய பெட்டிக்கு ஸ்டீரியோ மட்டும்தான் வரும்.

என் சிபாரிசு எப்போதும் ஒன்றுதான். பிளேயரை நேரே ரிசீவரில் செருகி, அங்கிருந்து டிவிக்குப் படத்தை அனுப்புங்கள். கேள்வி கேட்க வேண்டியவரிடமே பிளேயர் கேட்டுவிடும். அது முடியாதபோது, டிவியின் டிஜிட்டல் ஆடியோ அமைப்பை 'பிசிஎம்'மிலிருந்து 'பாஸ்த்ரூ'வுக்கோ (வந்ததை அப்படியே அனுப்புவது) 'ஆட்டோ'வுக்கோ மாற்ற வேண்டும். மாற்றியதும் எல்லாவற்றையும் அணைத்து, டிவி, ரிசீவர், கடைசியில் பிளேயர் என்ற வரிசையில் போடுங்கள். அட்டவணை பெரும்பாலும் இணைப்பு ஏற்படும்போதுதான் படிக்கப்படுகிறது. பழைய பதிலையே பிடித்துக்கொண்டிருக்கும் பிளேயர்கள் உண்டு.

டிவியின் ஆப்களிலிருந்து ஒலி ரிசீவருக்குத் திரும்பி வர 'ஆர்க்' என்ற வசதி உண்டு. 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. டிவியில் 'ஆர்க்' என்று எழுதிய துளையில் மட்டுமே வேலை செய்யும். பெரும்பாலான டிவிகளில் கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி என்ற கட்டுப்பாட்டு வசதியையும் ஆன் செய்ய வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பதால் மெனுவில் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். ஆர்க்கின் கொள்ளளவு ஏறக்குறைய ஆப்டிக்கல் மாதிரிதான். ப்ளூ-ரேயில் வரும், தரம் குறையாமல் சுருக்கிய டால்பி ட்ரூஎச்டி ஒலி அதில் நுழையாது. அதற்கு 2017இன் எச்டிஎம்ஐ 2.1 கொண்டுவந்த 'இ-ஆர்க்' வேண்டும். அதுவும் டிவி, ரிசீவர் இரண்டிலும் இருக்க வேண்டும். இதில் நொடிக்கு சுமார் 3.7 கோடி பிட் போகும்.

சில சமயம் மூலத்திலேயே ஆறு தடம் இருக்காது. ஒரே படத்தின் ஒரு மொழி ஒலித்தடம் 5.1 ஆகவும், இன்னொன்று ஸ்டீரியோவாகவும் இருப்பது சாதாரணம். ஆப்பில் ஓடும்போது 5.1 வரும் படம் கம்ப்யூட்டர் பிரௌசரில் பல சமயம் ஸ்டீரியோவாகிவிடும்.

கம்ப்யூட்டரை ஆப்டிக்கலில் இணைத்தவர்களுக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு: படத்தில் சரவுண்ட் வருகிறது, கேமில் வரவில்லை. படத்தின் ஒலி ஏற்கெனவே சுருக்கப்பட்டு வந்தது, அப்படியே கேபிளில் போய்விடுகிறது. கேமில் துப்பாக்கி எந்தப் பக்கம் வெடிக்கும் என்பது அந்த நொடியில்தான் தீர்மானமாகிறது. ஆறு தட ஒலி அப்போதுதான் சுருக்கப்படாமல் பிறக்கிறது. அதை உடனுக்குடன் டால்பியாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கும் திறன் சவுண்ட் கார்டில் இல்லாவிட்டால் இரண்டு தடம்தான் வெளியே வரும். இதற்கு எச்டிஎம்ஐ கேபிளே போதும், விண்டோஸின் ஸ்பீக்கர் அமைப்பில் 5.1 என்று தேர்ந்தெடுத்திருந்தால்.

பின் ஸ்பீக்கர் பேசிய பிறகும், முன் ஸ்பீக்கர்களில் பேஸ் மெலிந்து, நடுவில் வர வேண்டிய பாட்டுக் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் இருந்தால், ஒன்றில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கும். ஒன்றின் கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுப்பதால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ரிசீவரை அணைத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு முனைகளையும் ஒப்பிட்டு, மாறியிருக்கும் ஒன்றை மட்டும் திருப்பி மாட்டுங்கள். மாட்டும்போது ஒயரின் ஒரு இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது.