ரயிலடி

செங்கோட்டையிலும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலும் தமிழ் பேசுகிறவர்கள் ‘ரயில் நிலையம்’ என்று வாயால் சொல்வது அபூர்வம். “கொல்லம் வண்டி டேசனுக்கு வந்துட்டா அண்ணாச்சி?” என்றுதான் கேட்பார்கள். ‘ஸ்டேஷன்’ என்பதன் முதல் மெய் தமிழ் நாக்குக்கு ஒவ்வாது; அதை உதிர்த்துவிட்டு டேசன் ஆக்கிக்கொண்டோம். டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கணம் சொல்கிறது. பேச்சு அதை எங்கே கேட்டது?

ஸ்டேஷனுக்கு மூலம், ‘நிற்றல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல். ‘நிலையம்’ என்பதிலும் ‘நிலை’ தெரிவதால் அது எழுத்தில் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

வண்டியின் பெயர்தான் இன்னும் வேடிக்கை. தீவண்டி என்கிறது மலையாளம். தமிழில் புகைவண்டி, தெலுங்கில் பொகபண்டி. ஒரே எஞ்சினில் அவர்கள் நெருப்பைப் பார்த்தார்கள், நாம் புகையைப் பார்த்தோம். ஸ்டேஷனை ‘தீவண்டியாப்பீஸ்’ என்பது பழைய மலையாள வழக்கு. இப்போது தீயும் இல்லை, புகையும் இல்லை என்பதால் ‘தொடர்வண்டி’ என்று எழுதுகிறோம். ‘ரயில்’ என்பதோ ஆங்கிலத்தில் தண்டவாளக் கம்பியின் பெயர். நம்மிடம் வண்டிக்கே பெயராகிவிட்டது.

இவற்றோடு தஞ்சாவூர்ப் பக்கம் வழங்கும் ஒரு சொல் உண்டு: ரயிலடி. தேரடி, கோயிலடி, ஆலடி போல, ஒன்றை ஒட்டியிருக்கும் இடத்தைச் சொல்வது இந்த ‘அடி’. கட்டடம் மட்டுமல்ல, வாசலில் இருக்கும் டீக்கடை, ஆட்டோ நிற்கும் இடம் எல்லாம் அதில் அடங்கும்.

ஆரியங்காவு போன்ற சிறிய ஸ்டேஷனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. 1904-ல் புனலூரிலிருந்து மலையைக் குடைந்து செங்கோட்டைக்கு மீட்டர்கேஜ் பாதை வந்தபோது இரண்டு ஊரும் திருவிதாங்கூர்தான். 1956-ல் செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. ஆரியங்காவு கேரளத்தின் எல்லை ஊராயிற்று. தண்டவாளம் அதே இடத்தில்தான் கிடந்தது. 2010-ல் அகலப்பாதைக்காக மலைப்பகுதியில் வண்டியை நிறுத்தினார்கள். கொல்லம் வரை முழுப் பாதையும் திறக்க 2018 ஆகிவிட்டது. இரண்டு தண்டவாளக் கம்பிகளுக்கும் நடுவே இருந்த ஒரு மீட்டர் இடைவெளி 1,676 மில்லிமீட்டர் ஆயிற்று. இடைப்பட்ட வருடங்களில் வண்டி இல்லை, ஆனால் இடம் இருந்தது. வண்டி வராத இடத்தை ‘நிலையம்’ என்பது ஒப்புக்குத்தான். ‘ரயிலடி’ அப்போதும் பொருந்தும்.

அப்புறம், ‘இரயிலடி’ என்று இகரம் சேர்ப்பதா? ரகரமும் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் சிலர் சேர்ப்பார்கள். டேசனுக்கு விட்டுக்கொடுத்தவர்கள் இதற்கு மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்? கொல்லம் மாதிரிப் பெரிய இடத்துக்கு ரயில் நிலையம், ஜங்ஷனுக்குச் சந்திப்பு. ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாமல், கமிஷனுக்கு ஒருவர் டிக்கெட் கொடுக்கும் ‘ஹால்ட்’டுக்கு நிறுத்தம் என்பதே சரி. அந்த நிறுத்தத்தைச் சுற்றியுள்ள இடமும் ரயிலடிதான்.