உணர்கொம்பு முழுசாக இருக்கிறதா? வாங்குமுன் விளக்கைப் பிடியுங்கள்

ஜெர்மனியின் பவேரியாவில், சோல்ன்ஹோஃபன் பகுதிக் கல்குவாரிகளில் புதைபடிவமாகக் கிடைக்கும் ஏகர் டிபுலாரியஸ், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த இறால். உடலைவிட நீண்ட உணர்கொம்புகளும், வாயருகிலிருந்து நீளும், சீப்புப் பல்போல முள் வரிசைகட்டிய உறுப்புகளும்தான் அதன் அழகு. போலிவேலை நடப்பதும் அங்கேதான்.

சுண்ணாம்புக்கல்லைப் பலகையாகப் பிளக்கும்போது, இறாலின் ஒரு பகுதி மேல் பலகையோடும் மீதி கீழ்ப் பலகையோடும் போய்விடும். மயிரிழை போன்ற உணர்கொம்பு நடுவில் அறும். முழுசாகத் தெரிந்தால் விலை கூடும் என்பதால் விட்டுப்போனதைத் தூரிகையால் வரைந்துவிடுகிறார்கள்.

இருட்டறையில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். ஓட்டிலுள்ள பாஸ்பேட் ஒளிரும். பெயிண்ட் பெரும்பாலும் மங்கலாகவோ பொருந்தாத நிறத்திலோ நிற்கும். வெண்ணீலமாகப் படர்ந்திருந்தால் பசையோ வார்னிஷோ என்று சந்தேகப்படலாம். பிறகு 10 மடங்கு லென்ஸ். உண்மையான கொம்பில் நுண்ணிய வளையக் கணுக்கள் தெரியும். வரைந்தது வழுவழுவென்று ஓடும். பலகையின் விரிசல் கொம்பைக் கடக்கும் இடத்தில் நின்று பாருங்கள். கொம்பும் அங்கே அறுந்திருக்க வேண்டும். விரிசலின் பள்ளத்துக்குள்ளேயும் கோடு இறங்கி ஏறினால் அது பெயிண்ட்தான். (பெரணி இலைபோல் கிளைவிடும் கறுப்புக் கோலத்தைக் கண்டு பதறாதீர்கள், அது மாங்கனீசு, இயற்கை.)

அசிட்டோன் தொட்ட பஞ்சில் நிறம் வந்தால் போலி. வராவிட்டால் அசல் என்று முடிவுகட்ட முடியாது, கரையாத பெயிண்டும் உண்டு. பழைய பாதுகாப்புப் பூச்சும் கரையும் என்பதால், விற்பவர் சம்மதித்தால் மட்டும், கொம்பின் நுனியில், ஒரு மில்லிமீட்டர் அளவில் பாருங்கள். உடைந்த பலகையை ஒட்டியிருப்பது மோசடி அல்ல, சொல்லாமல் மறைப்பதுதான் மோசடி. கொம்பு அறுந்த, கைபடாத இறாலையே நாங்கள் பரிந்துரைப்போம். ஆராய்ச்சிக்கு உதவுவது அதுதான்.

வீட்டில் வினிகரால் துடைக்கவே கூடாது. சுண்ணாம்புக்கல் கரைந்து, மேலிருக்கும் ஓடு பெயர்ந்துவிடும். உதிரும் இடத்தில், அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்த பாரலாய்டு பி-72 (அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் பிசின்) ஒரு சொட்டு விடுங்கள். பின்னாளில் அதை அசிட்டோனாலேயே எடுக்கலாம், சூப்பர் க்ளூவை அப்படி எடுப்பது பெரும்பாடு. மேல், கீழ்ப் பலகைகள் இரண்டும் இருந்தால் சேர்த்தே வையுங்கள்.

வாங்கிய பிறகு பெயிண்ட் தெரியவந்தால் சுரண்ட வேண்டாம், அடியில் மிஞ்சியிருக்கும் அசலும் போய்விடும். சாதாரண வெளிச்சத்திலும் புற ஊதாவிலும் படமெடுத்து, எத்தனை மில்லிமீட்டர் வரைந்தது என்பதைக் குவாரியின் பெயரோடு சேர்த்துப் பலகையின் பின்புறம் எழுதி வையுங்கள்.