மலையிறங்கிப் பத்து நாள் கழித்து

"வெளியூர் எங்கயும் போயிருந்தீங்களா?"

"இல்ல சார், ரெண்டு மாசமா வீட்லதான் இருக்கா. ஒர்க் ஃப்ரம் ஹோம்," என்றார் அம்மா.

காய்ச்சல் ஏழாவது நாள். ஏற்கெனவே இரண்டு இடம் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை. ரத்தத் தட்டணுக்கள் அறுபதாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தன. கல்லீரல் என்சைம்கள் ஏறியிருந்தன. செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி நான்கு நாள் போட்டும் மாலையானால் 103 டிகிரி. அந்தப் பெண்ணுக்குத் தலையைத் தூக்க முடியவில்லை, கண் சிவந்து கிடந்தது.

கேள்வியை மாற்றிக் கேட்டேன். "மலைக்கு, காட்டுப் பக்கம் எங்கயாவது போனியாம்மா? புல்லுல உக்காந்தது, படுத்தது?"

"கொழுக்குமலை போனோம் சார். ஃப்ரெண்ட்ஸ் வந்திருந்தாங்க. டென்ட்ல ஒரு நைட்."

"அது போன மாசம்டி," என்றார் அம்மா.

நாள்காட்டியை எடுத்து எண்ணினோம். காய்ச்சல் தொடங்குவதற்குச் சரியாகப் பதினோரு நாள் முன்பு. கொழுக்குமலைக்குச் சூரியநெல்லி வழியாகத்தான் போவார்கள்; போடிக்காரர்களுக்கு அது வெளியூர் கணக்கில் வராது. போடிமெட்டு ஏறினால் வந்துவிடும் இடம். கேட்டவன் மேல்தான் தப்பு.

செவிலியரிடம் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்த் தலை முதல் கால் வரை பார்க்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் குரல் வந்தது: "சார், இடுப்புல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கு." பட்டாணி அளவு. நடுவில் கன்னங்கரேலென்று காய்ந்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். சிகரெட்டால் சுட்ட மாதிரி. ரக்ஸாக்கின் இடுப்புப் பட்டை அழுத்தும் அதே இடம். "பெல்ட் உரசிருச்சுன்னு நெனச்சேன், வலியே இல்ல சார்," என்றது அந்தப் பெண்.

வலிக்காது. அரிக்கவும் அரிக்காது. அதனால்தான் யாரும் சொல்வதில்லை.

இதற்கு ஆங்கில மருத்துவப் பெயர் ஸ்க்ரப் டைபஸ். நம் செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல். பெயரே பாதிக் குழப்பம். உண்ணி என்றதும் மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் தொங்கும் கொழுத்த உண்ணிதான் நினைவுக்கு வரும். "எங்க வீட்ல நாயே இல்லையே டாக்டர்" என்பார்கள். இது அது இல்லை. இந்தச் சிற்றுண்ணியின் குஞ்சு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். செம்மஞ்சள் புள்ளி. புல் நுனியிலும் சருகிலும் காத்திருக்கும். காலில் தொற்றி மேலே ஊரும். துணி இறுகிப் பிடிக்கும் இடம் வந்ததும் அங்கே நின்று கடிக்கும். சாக்ஸ் விளிம்பு, முழங்கால் மடிப்பு, இடுப்புக் கயிறு, தொடையிடுக்கு, அக்குள், மார்பின் அடிப்பகுதி, காதின் பின்புறம். அதாவது நாம் கண்ணாடியில் பார்க்காத, டாக்டரிடம் காட்டத் தயங்கும் இடங்கள் அத்தனையும்.

கடிக்கும்போது உள்ளே இறங்கும் கிருமிக்கு ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்று பெயர். பெயரில் பாதி ஜப்பானியம், ஏனென்றால் ஆற்றங்கரை விவசாயிகளுக்கு வரும் காய்ச்சலாக இதை முதலில் விரிவாக ஆராய்ந்தவர்கள் அவர்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனைக் காடுகளில் இருந்த படைகளை இது வாட்டி எடுத்தது. அப்போது இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. 1948-ல்தான் கோலாலம்பூரில் குளோராம்பெனிக்கால் கொடுத்து முதன்முதலாகக் குணப்படுத்திக் காட்டினார்கள்.

அடர்ந்த சோலைக்காட்டைவிட இந்தப் பூச்சிக்குப் பிடித்தது காட்டின் ஓரம்தான். வெட்டி விட்டு மறுபடி முளைத்த புதர், ஓடைக்கரைப் புல், தோட்டமும் காடும் சேரும் எல்லை, கைவிட்ட எஸ்டேட் நிலம். கூடாரம் போடுகிறவர்கள் தேடும் இடமும் அதேதான்: சமதளம், பக்கத்தில் தண்ணீர், முன்னால் பள்ளத்தாக்கு. கூடவே எலி. சிற்றுண்ணிக்கு எலிதான் வழக்கமான சாப்பாடு. போன வாரக் கும்பல் எறிந்த பிரியாணிப் பொட்டலமும் சிப்ஸ் தூளும் எலியைக் கூட்டும், எலி பூச்சியைக் கூட்டும். தாய்ப் பூச்சியிலிருந்து முட்டை வழியே குஞ்சுக்கும் கிருமி போவதால், ஒரு திட்டுப் புல்லில் இது குடியேறிவிட்டால் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். பத்தடி தள்ளி ஒன்றுமே இருக்காது. "நாங்க இருபது தடவ போயிருக்கோம், ஒண்ணும் ஆகல" என்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

காலமும் ஒத்துப்போகிறது. நம் பக்கம் இந்தக் காய்ச்சல் ஐப்பசி மழைக்குப் பிறகு ஏறி, பிப்ரவரி வரை நிற்கும். மலையேற்றமும் அப்போதுதான். 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்க முடியாது. அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையத்தில் பதிவுசெய்து, உள்ளூர் வழிகாட்டியோடு போகும் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டமும் வந்தது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத்தீக் காலம் என்று 2025-ல் பாதைகளை மூடினார்கள். சரியான முடிவு, எனக்கு அதில் இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் தீக்கு முந்திய மாதங்களில் கூட்டம் சேர்வதால், பூச்சியின் காலமும் நம் காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. தீயைப் பற்றி இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். காய்ச்சலைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அட்டையைப் பற்றிக் கேட்பார்கள். ஒவ்வொரு சீசனிலும் கேட்பார்கள். உப்புப் பொட்டலம், மூக்குப்பொடி, புகையிலை, டெட்டால் என்று ஒரு மூட்டையே கட்டிக்கொண்டு போவார்கள். அட்டை கடித்தால் ரத்தம் உறைய நேரமாகும், சாக்ஸ் நனையும், பார்க்கப் பயமாக இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். கண்ணுக்குத் தெரிகிற பூச்சிக்கு இவ்வளவு ஏற்பாடு. தெரியாததற்கு அரைக்கால் டவுசர்.

நானும் யோக்கியன் இல்லை. பல வருடம் முன்பு மலைக் கிராமத்து வழிகாட்டி ஒருவர் வந்தார். டென்ட் போடுவதும் சுமை தூக்குவதும் அவர் தொழில். மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி. பாராசிட்டமால் எழுதி, வைரஸ் காய்ச்சல்தான் என்று அனுப்பினேன். ஐந்தாம் நாள் மூச்சு வாங்க வந்தார். மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, வென்டிலேட்டரில் ஒன்பது நாள். பிழைத்தார். அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் போனில் சொன்னது: "வலது அக்குள்ல பொருக்கு இருந்துச்சு சார்." எங்கள் செவிலியர் தெர்மாமீட்டர் வைத்தது இடது அக்குளில். அன்றிலிருந்து காய்ச்சல்காரர்களுக்கு இரண்டு கையையும் தூக்கச் சொல்கிறேன்.

பொருக்கு எல்லாருக்கும் இருக்காது. நம் பக்கம் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் கண்ணில் படும். வியர்வை தங்கும் இடமென்றால் கறுத்த பொருக்கு இல்லாமல் வெறும் ஆழமற்ற புண்ணாக இருக்கும். ரத்தத்தில் பார்க்கும் ஐஜிஎம் எலிசா சோதனை முதல் வாரத்தில் இல்லை என்றே வரலாம். அதனால் சோதனை முடிவுக்காகக் காத்திருப்பது சில சமயம் ஆளையே கொடுக்கும் காரியம். நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று இரண்டாம் வாரத்தில் நோய் வரிசையாகத் தாக்கும். காதுகேட்பது குறையும், அது ஒரு நல்ல துப்பு, நோயாளியே சொன்னால் தவறவிடாதீர்கள்.

எரிச்சலான விஷயம், மருந்து மலிவானது. டாக்ஸிசைக்ளின். சரியான நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். அவ்வளவு சட்டென்று இறங்குவதே நோயை உறுதிப்படுத்தும் அடையாளங்களில் ஒன்று. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். நிலைமை முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நம் நாட்டிலேயே நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. ஆனால் ஊருக்கெல்லாம் போடும் பெனிசிலின், செஃப்ட்ரையாக்சோன் வகை மருந்துகளுக்கு இந்தக் கிருமி அசையாது. எத்தனை நாள் போட்டாலும் சரி. இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் டாக்ஸி வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு டெங்குவாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். மருத்துவர் எழுதினால், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரமாவது படுக்காமல் இருங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் நெஞ்சைக் கிழிக்கும்.

தடுப்பூசி இல்லை. ஆகவே மலையில் செய்ய வேண்டியது கொஞ்சம் பழைய பாணி. முழுக்கால் பேன்ட், அதன் நுனி சாக்ஸுக்குள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், நானும் அப்படித்தான் போகிறேன். டீட் (DEET) கலந்த பூச்சி விரட்டியைத் தோலில் தடவுங்கள். வெறும் புல்லில் உட்காராதீர்கள், பாறை இருக்கிறது; விரிப்பு இருக்கிறது. கழற்றிய சட்டையைப் புதர்மேல் காயப்போடாதீர்கள். ஒதுங்கப் போகும்போதும் புதருக்குள் குந்தாமல் வெட்டவெளித் திட்டாகப் பாருங்கள். பல பேருக்குத் தொடையிடுக்கில் கடி விழுவது அங்கேதான் என்று நினைக்கிறேன். கூடாரத்துக்கு வெளியே மீந்த சோற்றைக் கொட்டாதீர்கள்.

இறங்கிய அன்றே குளியுங்கள். பூச்சி ஒட்டிய நொடியே கிருமி இறங்குவதில்லை, சில மணி நேரம் பிடிக்கும். சோப்பும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்த்தால் கடிக்கக் காத்திருப்பதெல்லாம் போய்விடும். ஒரே நாள் நடையில் இது எளிது. முகாமில் சிக்கல் இதுதான்: போட்ட துணியோடு தூங்கி, விடிகாலை சூரியனைப் பார்த்து, ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஏறி, குளிக்கும்போது முப்பது மணி நேரம் ஆகியிருக்கும்.

அப்புறம் போனில் நாள்காட்டியைத் திறந்து, மலைக்குப் போன தேதியிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு குறிப்பு. அதற்குள் காய்ச்சல் வந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் "இன்ன தேதியில் மலையில் டென்டில் படுத்தேன்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தலைவலி, உடம்புவலியெல்லாம் அதற்கப்புறம்.

அந்தப் பெண்ணுக்கு அன்று மாலையே டாக்ஸி தொடங்கினோம். மறுநாள் இரவு காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் காலை இட்லி கேட்டபோது அம்மாவிடம் ஒன்று சொன்னேன்: "கூடப் போன மத்தவங்களுக்கும் ஒரு போன் போடச் சொல்லுங்க."

மொத்தம் ஆறு பேர். நான்கு பேர் நன்றாக இருந்தார்கள். ஒரு பையன் மட்டும் பெங்களூரில் ஆஸ்பத்திரியில் இருந்தான், ஐந்து நாளாகக் காய்ச்சல், டைபாய்டு என்று ஊசி போய்க்கொண்டிருந்தது. எண்ணை வாங்கி அங்கே பணியில் இருந்த டாக்டரிடம் பேசினேன். குரலைக் கேட்டால் இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். நல்லவேளை, தமிழ்ப் பெண். கொழுக்குமலை, டென்ட், தேதி எல்லாம் சொன்னேன். ஒரு வினாடி அமைதி. "பார்த்துட்டு கூப்பிடுறேன் சார்."

நாற்பது நிமிடத்தில் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. முழங்காலின் பின்மடிப்பு, டியூப்லைட் வெளிச்சம், கரிய பொருக்கு. கீழே ஒரு வரி: "டாக்ஸி ஸ்டார்ட்டட் சார்."