பட்டப்பின் சான்றிதழ்: உயிர்மருத்துவப் பொறியியலில் ‘கிராஜுவேட் சர்டிபிகேட்’ என்றால் என்ன?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடப்பட்டியலில் ‘கிராஜுவேட் சர்டிபிகேட் இன் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்’ என்று, மருத்துவக் கருவிகள் சார்ந்த பொறியியலில் ஒரு படிப்பு இருக்கும். பொறியியல் முடித்த பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு வீட்டில் பேச்செடுக்கும்போது குழப்பம் ஆரம்பிக்கிறது. வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டைப் பக்கம் இந்தப் பெயரைக் கேட்டதும் பெற்றோர் மனத்தில் வருவது ஒரு படிப்பு அல்ல, தாசில்தார் ஆபீஸில் வாங்கிய ஒரு காகிதம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்காத வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கவுன்சலிங் மூலம் பொறியியல் சேரும் மாணவருக்குத் தமிழ்நாடு அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. அதற்காக வருவாய்த் துறை கொடுக்கும் சான்றின் பெயர் ‘முதல் பட்டதாரி சான்றிதழ்’. எல்லோர் வாயிலும் அது ‘ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட்’. துறைமுகத்திலும் காசிமேட்டிலும் லேத் பட்டறையிலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் பலர் அந்தக் காகிதத்தின் துணையோடுதான் கல்லூரி வாசலை மிதித்தார்கள். “அதைத்தான் அப்பவே இ-சேவையில எழுதிப்போட்டு வாங்கிட்டோமே, இன்னொண்ணு எதுக்கும்மா?” என்று ஓர் அம்மா மகளிடம் கேட்டதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கிராஜுவேட்டும் தெரியும், சர்டிபிகேட்டும் தெரியும். இரண்டையும் சேர்த்தால் அவருக்குக் கிடைக்கும் பொருள் அதுதான்.

சரி, படிப்பு என்ன? ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர், ஒரு துறையில் தேர்ந்தெடுத்த சில பாடங்களை மட்டும் படித்து முடிக்கும் குறும்படிப்பு இது. அமெரிக்காவில் முதுநிலைப் பட்டத்துக்குச் சுமார் 30 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) தேவைப்படும் என்றால், இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 18 வரை போதும். நான்கைந்து பாடங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பொதுவாக ஆய்வேடு எழுத வேண்டியதில்லை. பல பல்கலைக்கழகங்களில் இங்கே எடுத்த கிரெடிட்டை அப்புறம் முதுநிலைப் பட்டத்தில் சேரும்போது கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். சேருவதற்கு முன்பே இதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘கிராஜுவேட்’ லத்தீனின் ‘கிராடுஸ்’ என்பதிலிருந்து வந்தது. பொருள்: படி. ஒரு படி ஏறியவர் கிராஜுவேட். தமிழில் ஏறும் படியும் படிக்கும் படிப்பும் ஒரே ஒலியில் இருப்பதால் இந்தப் பொருள் நமக்கு எளிதில் பிடிபடுகிறது. ‘சர்டிபிகேட்’டில் இருப்பவை ‘செர்துஸ்’, ‘ஃபாக்கெரே’ என்ற இரண்டு லத்தீன் சொற்கள்: உறுதி, செய்தல். நம்முடைய ‘சான்றிதழ்’ இதற்குக் குறையாத சொல். ‘சால்’ என்றால் நிறைதல். சான்றோர், சான்றாண்மை எல்லாம் அந்த வேரில் வந்தவை. நிறைவுக்குச் சாட்சி சொல்லும் ஓர் இதழ், அதாவது ஏடு. தனக்கென்று ஒரு வேர் உள்ள சொல்லாகவே அது நிற்கிறது.

பட்டம் என்பது முன்பு நெற்றியில் கட்டிய பொன் தகடு. பட்டம் கட்டினால்தான் அரசன். டிப்ளமோவுக்கு நாம் வைத்த பெயர் பட்டயம். செப்புப் பட்டயம் என்பதில் உள்ள அதே பட்டயம்தான். கிரேக்கத்தில் டிப்ளமோ என்றால் இரண்டாக மடித்தது. ரோமானியப் படையில் பணி முடித்த துணைப்படை வீரர்களுக்குக் குடியுரிமை வழங்கியதற்கு ஆதாரமாகத் தந்த வெண்கலத் தகடுகளையும் வரலாற்றாசிரியர்கள் டிப்ளமோ என்றே குறிப்பிடுகிறார்கள். தமிழ்நாடும் ரோமும் உலோகத்தில் எழுதிக் கொடுத்த உரிமையைத்தான் நினைத்திருக்கின்றன. பட்டயம் என்று பெயர் வைத்தவர் மிகச் சரியாக வைத்திருக்கிறார்.

சிக்கல் ‘கிராஜுவேட்’ என்ற அடைமொழியில் இருக்கிறது. அமெரிக்க வழக்கில் கிராஜுவேட் படிப்பு என்றால் இளநிலைப் பட்டத்துக்கு மேலே உள்ளது. அதையே பிரிட்டன் போஸ்ட்கிராஜுவேட் என்கிறது. நாமும் அந்த வழியில் பி.ஜி. என்கிறோம். இதனால் ஒரே பெயர் நாட்டுக்கு நாடு வேறு உயரத்தில் நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் தகுதி வரிசையில் இளநிலைப் பட்டம் 7-ஆம் படி. கிராஜுவேட் சர்டிபிகேட் 8-ஆம் படி, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. இங்கிலாந்தில் ஹானர்ஸ் பட்டம் 6-ஆம் படி, கிராஜுவேட் சர்டிபிகேட்டும் அதே 6-ஆம் படி. பட்டம் வாங்கிய பிறகு படிப்பதுதான், ஆனால் தரம் இளநிலையின் கடைசி ஆண்டுக்குரியது. அங்கே முதுநிலைத் தரத்தில் இருப்பது போஸ்ட்கிராஜுவேட் சர்டிபிகேட்: 7-ஆம் படி, அவர்கள் கணக்கில் 60 கிரெடிட். முழு முதுநிலைப் பட்டம் 180. (அவர்களுடைய கிரெடிட்டும் அமெரிக்கக் கிரெடிட்டும் ஒரே அளவு அல்ல, எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட வேண்டாம்.) கனடாவின் ஒன்டாரியோ மாநிலக் கல்லூரிகள் நடத்தும் கிராஜுவேட் சர்டிபிகேட் இன்னொரு வகை, வேலைப் பயிற்சியை நோக்கியது.

ஏஜென்ட் ஒருவர் “இதுவும் மாஸ்டர்ஸ் மாதிரிதான்” என்று சொன்னால் நம்பிவிடக் கூடாது. கடன் வாங்கிப் படிக்கப்போகும் வீடுகளுக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல. அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போனவர்களுக்கு அறிவியல், பொறியியல் துறைகளில் கிடைக்கும் 24 மாத வேலை அனுமதி நீட்டிப்பு பட்டங்களுக்கு உரியது. சான்றிதழ்ப் படிப்பை மட்டும் முடித்தவருக்கு அது கிடைக்காது. இந்தியாவில் பொறியியல் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு எம்.இ. கேட்கும் இடத்திலும் இது ஈடாகாது.

அப்படியானால் யாருக்குப் பயன்? இ.சி.இ., இ.இ.இ., மெக்கானிக்கல் முடித்து, மருத்துவக் கருவித் துறைக்குள் போக ஆசைப்படுபவருக்கு. மின்சுற்று தெரியும், இதயம் எப்படித் துடிக்கிறது என்பது தெரியாது என்ற நிலையில் இருப்பவருக்கு உடலியங்கியல், மருத்துவப் படிமங்கள், உடலுக்குள் வைக்கத்தக்க பொருட்கள், உடலிலிருந்து வரும் சமிக்ஞைகளைப் பிரித்துப் படித்தல் ஆகியவற்றை இந்தப் படிப்பு சொல்லிக்கொடுக்கும். வேலையில் இருந்துகொண்டே மாலையிலோ இணையவழியிலோ படிக்கும் வாய்ப்பும் பல இடங்களில் உண்டு. இரண்டு ஆண்டு எம்.டெக். சேர வசதியோ நேரமோ இல்லாத, வேறு துறைப் பொறியாளருக்கு இது உண்மையிலேயே நல்ல வழி என்பது என் கருத்து. பி.இ.யிலேயே பயோமெடிக்கல் படித்தவர் இதில் சேர்வதற்கு அவ்வளவு காரணம் இல்லை. படித்ததையே மறுபடி படிக்க நேரும்.

இனி ‘பயோமெடிக்கல் இன்ஜினியரிங்’. வடசென்னையில் பயோமெடிக்கல் என்ற சொல் மக்கள் கண்ணில் அதிகம் படுவது ஆஸ்பத்திரியின் மஞ்சள், சிவப்புக் குப்பைப் பைகள் மேலேதான்: உயிரி மருத்துவக் கழிவு. அதனால் ‘பயோமெடிக்கல் படிக்கிறேன்’ என்றால் கழிவு சம்பந்தப்பட்ட வேலையோ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளே பொருள் வேறு. மானிட்டர் நின்றுபோனால், வென்டிலேட்டர் ஒலி எழுப்பினால், “பயோமெடிக்கலைக் கூப்பிடுங்க” என்பார்கள். அங்கே பயோமெடிக்கல் என்பது ஓர் ஆள்.

இன்ஜினியர் என்ற சொல்லின் அடியில் இருப்பது ‘இன்ஜெனியும்’ என்ற லத்தீன் சொல், பிறவித் திறமை என்று பொருள். அந்தத் திறமையால் செய்த கருவிக்கு அது பெயராகி, இடைக்கால ஐரோப்பாவில் கோட்டையைத் தகர்க்கும் போர் இயந்திரத்தைக் குறித்தது. அதைக் கட்டுபவர் இன்ஜினியர். தமிழில் ‘பொறி’யும் இதே பாதையில் போயிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலின் காவல் கருவிகளைச் சொல்லும் இடத்தில் ‘வளைவிற் பொறி’ வருகிறது: தானே வளைந்து அம்பு எய்யும் இயந்திர வில். ஆனால் பொறிக்கு இன்ஜினுக்கு இல்லாத இன்னொரு பொருளும் உண்டு. ‘பொறிவாயில் ஐந்தவித்தான்’ என்று குறள் சொல்லும்போது அது மெய், வாய், கண், மூக்கு, செவி. இயந்திரமும் பொறி, உடலின் புலன் உறுப்பும் பொறி. உயிர்மருத்துவப் பொறியியல் முழுவதும் இந்த இரண்டு பொறிகளும் சந்திக்கும் இடத்தில்தான் நடக்கிறது. கேட்காத செவிக்குள் வைக்கும் காக்ளியர் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள்: வெளியே உள்ள மைக் ஒலியை வாங்குகிறது, கருவி அதை மின் துடிப்பாக மாற்றிச் செவி நரம்புக்கு நேராகக் கொடுக்கிறது. இந்தத் துறைக்குத் தமிழில் அமைந்த பெயர் அதன் ஆங்கிலப் பெயரைவிட ஆழமானது என்று தயங்காமல் சொல்வேன்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த ஆக்சிமீட்டரும் இந்தத் துறையின் பிள்ளைதான். சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி இரண்டையும் விரலுக்குள் செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இவற்றை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வேறுபாட்டைத் துடிப்போடு சேர்த்துக் கணக்கிட்டு எண்ணைக் காட்டுகிறது. இந்த வழியை 1970-களில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தாக்குவோ அயோயாகி. அவர் மருத்துவர் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

இதெல்லாம் வடசென்னைக்குத் தூரத்து விஷயமும் அல்ல. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-இல் டாக்டர் கே.எம். செரியன் செய்ததுதான் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை என்று பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட அறுவையின்போது இதயம் நிற்கும் நேரத்தில் ரத்தத்தை ஓட்டுவதற்கென்றே இதய-நுரையீரல் இயந்திரம் உருவாக்கப்பட்டது. பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில் கை அறுவைக்கென்றே பேர்பெற்ற ஒரு துறை இருக்கிறது. 2018-இல் இரண்டு கைகளையும் இழந்த ஒருவருக்குக் கைமாற்று அறுவை அங்கேதான் நடந்தது. பிரஸ் மெஷினில் விரலைக் கொடுத்தவர்களைத் தெருவுக்கு ஒருவராகப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, விரல் எத்தனை திசையில் அசைகிறது, எவ்வளவு விசை தாங்குகிறது என்ற கணக்கு வெறும் பாடமாக இருக்காது.

கடைசியாக, தமிழில் எப்படிச் சொல்வது? ‘பட்டச் சான்றிதழ்’ கூடாது, அது பட்டமளிப்பு விழாவில் வாங்குவது. ‘பட்டதாரிச் சான்றிதழ்’ தாசில்தார் ஆபீஸுக்குக் கொண்டுபோய்விடும். ‘முதுநிலைச் சான்றிதழ்’ கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்க, ஆஸ்திரேலியப் படிப்புகளுக்குப் பொருந்தவும் செய்யும். ஆனால் இங்கிலாந்தின் 6-ஆம் படிப் படிப்பை முதுநிலை என்றால் பொய்யாகிவிடும். இலங்கைத் தமிழர்கள் ‘பட்டப்பின் டிப்ளோமா’ என்ற வழக்கை நீண்டகாலமாக வைத்திருக்கிறார்கள். அந்த ‘பட்டப்பின்’தான் நமக்கு வேண்டியது. பட்டத்துக்குப் பிறகு என்று மட்டும் அது சொல்கிறது, உயரத்தைப் பற்றி எதுவும் கூட்டிச் சொல்லவில்லை. ‘உயிரி’ என்பது உயிருள்ள பொருளைக் குறிக்கும். இங்கே உயிர்வேதியியல் போல ‘உயிர்’ போதும். ஆக, உயிர்மருத்துவப் பொறியியல் பட்டப்பின் சான்றிதழ். கிராஜுவேட் டிப்ளமோ வந்தால் பட்டப்பின் பட்டயம்.

விண்ணப்பத்திலும் வங்கிக் கடன் படிவத்திலும் பல்கலைக்கழகம் வைத்த ஆங்கிலப் பெயரை ஓர் எழுத்துகூட மாற்றாமல் எழுதுங்கள். வீட்டில் பேசும்போதும் தமிழில் தற்குறிப்பு எழுதும்போதும் பட்டப்பின் சான்றிதழ் என்று சொல்லி, எந்த நாடு, எத்தனையாவது படி, எத்தனை கிரெடிட் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.