பிரித்த ரீலுக்கு எத்தனை மணி நேரம்? தொழிற்சாலைக் கிடங்கின் மென்பொருள் அறிய வேண்டியது

வணிகக் கிடங்கில் சரக்கு வருகிறது, அடுக்கப்படுகிறது, வெளியே போகிறது. தொழிற்சாலைக் கிடங்கிலோ, வெளியே போனதில் ஒரு பகுதி பாதி தீர்ந்த நிலையில் திரும்பி வருகிறது. சிங்கப்பூரின் மின்னணு ஆலைகளில் ஸ்டோர் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது அன்றாடக் காட்சி. கிடங்கு மென்பொருள் வாங்குவோர்தான் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

ஈரத்தை உறிஞ்சும் சில்லுகள் (சிப்), நாடாவில் பதித்து ரீல் எனப்படும் வட்டில் சுற்றப்பட்டு, காற்றுப்புகா உறையில் வருகின்றன. மின்னணுத் துறையின் தர அமைப்பான ஜெடெக் வகுத்த தரநிலைப்படி, ஈரத்தால் கெடும் தன்மையில் மூன்றாம் நிலையில் உள்ள சில்லு ஒன்றை, உறை பிரித்த பிறகு, 30 டிகிரி செல்சியசையும் 60 விழுக்காடு ஈரப்பதத்தையும் தாண்டாத அறையில் 168 மணி நேரத்துக்குள் மின்சுற்றுப் பலகையில் பற்றவைத்துவிட வேண்டும். தாமதித்தால், பற்றவைப்பு உலையின் ஏறத்தாழ 250 டிகிரி வெப்பத்தில், உள்ளே புகுந்த ஈரம் ஆவியாகிச் சில்லின் கூட்டையே பிளந்துவிடக்கூடும். மிச்ச ரீலை உலர்பெட்டியில் வைத்தால் இந்த நேரக் கணக்கை நிறுத்தி வைக்கலாம். எண்ணிக்கையை மட்டும் காக்கும் மென்பொருள், 3,000 சில்லுகளில் 1,800 இருப்பதாகக் காட்டும். அவை இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்லாது. ஆகவே பாகத்தின் வகை எண் மட்டும் போதாது, ஒவ்வொரு ரீலுக்கும் தனி அடையாள எண் வேண்டும்.

எண்ணிக்கையும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. பல ஆலைகளில், நிறுவனத்தின் மொத்தக் கணக்கையும் நிர்வகிக்கும் ஈஆர்பி மென்பொருள், பலகை முடிந்த பிறகு, உதிரிப்பாகப் பட்டியலில் உள்ள அளவை இருப்பிலிருந்து தானாகக் கழிக்கிறது. இயந்திரம் தவறவிட்ட சில்லுகள் அதில் சேர்வதில்லை. திரையில் இருப்பு இருக்கும், அலமாரி காலியாக இருக்கும். திரும்பும் ரீலை எக்ஸ்-கதிர்க் கருவியால் எண்ணி, அந்த எண்ணை நேரே மென்பொருளில் ஏற்றுவதே இதற்கு மருந்து.

விற்பனையாளர் காட்டும் வண்ண வரைபடங்களுக்கு நான் பெரிய மதிப்புத் தருவதில்லை. உங்கள் கிடங்கிலிருந்து ஒரு பாதி ரீலைக் கொடுத்து, அதை அவருடைய மென்பொருளில் திரும்பப் பெறச் சொல்லுங்கள். இருப்புக் கணக்கில் ஈஆர்பிக்கும் புதிய மென்பொருளுக்கும் முரண் வந்தால் எது செல்லும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நிலம் அரிதான இவ்வூரில் இரும்பு அடுக்குகள் கூரைவரை எழும்புவதால் வைஃபை இடையிடையே அறுந்துபோகும். அந்நேரத்தில் கையடக்க ஸ்கேனர் பதிவுகளைத் தானே சேமித்து வைத்து, வந்து சேர்ந்த நேரத்தை விட்டுவிட்டு ஸ்கேன் செய்த நேரத்தோடு அனுப்ப வேண்டும்.

புதிய மென்பொருளுக்கு மாறும்போது, பழைய அமைப்பில் நேரம் பதிவாகாத பிரித்த ரீல்களைக் காலாவதியானவையாகவே கொண்டு, உலர்த்திப் புதிதாகக் கணக்குத் தொடங்குவது நல்லது. பிளாஸ்டிக் ரீல் அதிக வெப்பம் தாங்காது. 40 டிகிரியில் உலர்த்தினால் பல நாள் பிடிக்கும் என்பதால், மாற்றத் தேதியைக் குறிக்கும்போது அந்த நாள்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.