‘பெரிய கம்பெனிதானே, பத்திரமாத்தான் இருக்கும்!’

செத்துப்போன ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டுக் கொடுப்பது என் தொழில். கீழே விழுந்தது, தண்ணீரில் நனைந்தது, தெரியாமல் ஃபார்மட் செய்தது என எது வந்தாலும் ‘முயன்று பார்க்கிறேன்’ என்று வாங்கி வைப்பேன். கொஞ்ச காலமாக வேறு வகை ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கையில் டிஸ்க்கும் இல்லை, பழுதான பொருள் எதுவும் இல்லை. “அக்கவுண்ட்டை முடக்கிட்டாங்க சார், நீங்கதான் எப்படியாவது எடுத்துத் தரணும்” என்கிறார்கள்.

கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பேரன் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் கிளவுடில், அதாவது இணையம் வழியாகக் கம்பெனியின் கணினிகளில். ‘இடம் போதவில்லை, போனில் உள்ள பிரதிகளை அழித்துவிடலாமா?’ என்று போன் கேட்க, சரியென்று அழுத்திவிட்டார். ஒருநாள் காலையில் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. ‘விதிமீறல்’ என்று ஒற்றை வரி வந்திருந்தது. எந்த விதி, எந்தப் படம்? சொல்லவில்லை. மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பி அனுப்பினார். தேநீர் ஆறுவதற்குள் ‘முடிவில் மாற்றமில்லை’ என்று பதில் வந்துவிட்டது. மனிதர் யாரும் அதைப் படித்திருப்பார் என்று நான் நம்பவில்லை. “அவ்வளவு பெரிய கம்பெனி தம்பி, அவங்ககிட்ட இருந்தா பத்திரம்தானே?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

பத்திரம்தான் அம்மா. யாரிடமிருந்து பத்திரம் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய சர்வரில் ஒரு ஃபைல் பழுதாகும் வாய்ப்பு உங்கள் மேசை டிஸ்க்கைவிடக் குறைவு; என் பிழைப்பே மேசை டிஸ்க்குகளை நம்பி ஓடுகிறது, எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் காவல் எல்லாம் வெளியே நிற்கும் திருடனுக்கு. பெட்டகம் அவர்களுடையது, பூட்டு அவர்களுடையது, சாவியும் அவர்களிடம். உங்கள் கையில் இருப்பது உள்ளே வந்துபோக ஓர் அனுமதி. அதை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்ட நொடியில் நீங்களும் திருடனோடு வாசலில்தான் நிற்க வேண்டும். எரிந்த டிஸ்க்கிலாவது நான் திருகாணியைக் கழற்றிப் பார்க்கலாம். இங்கே கழற்ற என்ன இருக்கிறது?

“தப்பு செய்யாதவங்களுக்கு என்ன பயம்?” என்று அடுத்த கேள்வி வரும். 2021இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, தன் சிறு மகனுக்கு வந்திருந்த வீக்கத்தை மருத்துவருக்குக் காட்டப் படம் எடுத்தார். ஆண்ட்ராய்டு போன் அதைக் கூகுளின் கிளவுடில் ஏற்றியது. தானியங்கிச் சோதனை அதைக் குழந்தைகளுக்கு எதிரான குற்றப் படமாகக் கணித்தது. கணக்கு முடங்கியது, போலீசுக்கும் தகவல் போனது. போலீஸ் விசாரித்துக் குற்றமில்லை என்று முடித்தது. கணக்கு திரும்ப வரவில்லை. அவருடைய மின்னஞ்சலும் போன் இணைப்பும் கூகுளிடமே இருந்ததால், விசாரணை அதிகாரியால் அவரைத் தொடர்புகொள்ளக்கூட முடியவில்லை. 2022இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகும் நிறுவனம் தன் முடிவிலேயே நின்றது. அந்தச் சோதனையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அது தவறும்போது போய் முறையிட ஒரு மனிதர் இல்லை என்பதே என் ஆத்திரம்.

இன்னொன்று, கொடுத்த காரணத்தைத் தாண்டிப் பயன்படுத்துவது. ‘பாதுகாப்புக்காக’ என்று கேட்டு வாங்கிய போன் எண்களை ட்விட்டர் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. 2022இல் 15 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஃபேஸ்புக்கும் இதையே செய்தது. 2019இல் அமெரிக்காவில் அதற்கு விதிக்கப்பட்ட 500 கோடி டாலர் அபராத வழக்கில் இந்தக் குற்றச்சாட்டும் இருந்தது. பூட்டுக்கென்று கொடுத்த எண்ணை வைத்து வியாபாரம் பார்த்தார்கள்! இரண்டடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் பூட்டு) வைத்துக்கொள்ளுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த எங்களைப் போன்றவர்களின் முகத்தில் கரி.

‘ஆஃப்’ பட்டனையும் அப்படியே நம்பாதீர்கள். போய்வந்த இடங்களைப் பதியும் லொகேஷன் ஹிஸ்டரியை அணைத்த பிறகும் கூகுள் இன்னொரு செட்டிங் வழியாக இருப்பிடத்தைச் சேமித்தது என்பதை 2018இல் அசோசியேட்டட் பிரஸ் வெளிக்கொண்டு வந்தது. 2022இல் 40 அமெரிக்க மாநிலங்களோடு 39.15 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

பெரிய கம்பெனியில் தொலையாதா, கசியாதா? யாஹூவில் 2013இல் கசிந்தவை 300 கோடி கணக்குகள், அதாவது அப்போது அங்கிருந்த அத்தனையும். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் சர்வர் மாற்றும்போது பயனர்கள் 12 ஆண்டுகளாக ஏற்றிய பாட்டுகளைத் தொலைத்துவிட்டு 2019இல் வருத்தம் தெரிவித்தது. போதும்.

என்ன செய்வது? கிளவுடை விட்டு ஓடச் சொல்லவில்லை, நானே வைத்திருக்கிறேன். அது இரண்டாவது பிரதியாக இருக்கட்டும், ஒரே பிரதியாக வேண்டாம். ‘இடம் காலி செய்’ பட்டனை அழுத்தும் முன் அந்தப் படங்கள் வேறொரு டிஸ்க்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்க் ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். (வைத்தவர் இருக்கிறார். பை தொலைந்தது.)

உடம்பைக் காட்டும் படம், மருத்துவ அறிக்கை, அடையாள அட்டை நகல் இவை ஆட்டோ பேக்கப் ஆகும் ஃபோல்டரில் ஏன் இருக்க வேண்டும்? எடுத்து வையுங்கள்.

ஒரே மின்னஞ்சலில் வங்கி, வரி, வேலை, படம் எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிடாதீர்கள். ‘இந்தக் கணக்கு மூலம் உள்நுழைக’ என்ற பட்டன் வசதிதான். அந்தக் கணக்கு விழும்போது அதில் கோத்த அத்தனையும் சேர்ந்து விழும். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்குப் போன் எண்ணுக்குப் பதில், குறியீட்டைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலியைப் பயன்படுத்துங்கள், அது கைவிட்டால் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். காகிதத்தில்தான். அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே கிளவுடில் வைத்துவிட்டு என்னிடம் வந்து நிற்காதீர்கள்.

வாட்ஸ்அப் அரட்டைக்கு எண்டு டு எண்டு குறியாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குபவர்களுக்கு: பேக்கப்புக்கு அதைத் தனியாக இயக்க வேண்டும். 2021 முதல் அந்த வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. ஆப்பிளின் ஐகிளவுடில் 2022 கடைசியில் வந்த மேம்பட்ட பாதுகாப்பும் நீங்களாக இயக்கினால்தான் இயங்கும். இவற்றை இயக்கினால் சாவி உங்களிடம் வந்துவிடும், அதைத் தொலைத்தால் நிறுவனத்தாலும் உதவ முடியாது, என்னாலும் முடியாது. யோசித்துச் செய்யுங்கள்.

ஆசிரியை அலமாரியைக் குடைந்து ஒரு பழைய போனைக் கொண்டுவந்தார். திரை உடைந்திருந்தது, நினைவகம் உயிரோடு இருந்தது. பேரனின் முதல் ஒன்றரை ஆண்டு கிடைத்தது. மற்றவற்றுக்கு அவர் இன்னும் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் தயவுசெய்து இந்த வாரமே உங்கள் தரவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கூகுளில் அதன் பெயர் டேக்அவுட், மற்ற நிறுவனங்களிலும் ‘உங்கள் தகவலைப் பதிவிறக்கு’ என்று எங்காவது ஒளிந்திருக்கும். தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு வரும். கூகுள் அனுப்பும் இணைப்பு ஏறத்தாழ ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும், அதற்குள் இறக்கிவிடுங்கள். இறக்கியதும், எல்லாவற்றையும் சுருக்கிக் கட்டிய அந்த ஸிப் ஃபைலைத் திறந்து உள்ளே நாலு படங்களையாவது பாருங்கள். திறந்தே பார்க்காத ஸிப்போடு வந்தவர்களின் கதை தனி.