ஹெராயின் ஊசியில் கிடைத்த துப்பு

1982. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பேச்சில்லை, அசைவில்லை, உடம்பு மரக்கட்டையாக விறைத்திருந்தது. மனநோயோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். பார்த்தால் உடல் நடுங்கி, விறைத்து, அசைவு குறையும் பார்க்கின்சன் நோய் முற்றியதுபோல; ஆனால் வயது நாற்பதுகளில்தான், அதுவும் சில நாட்களுக்குள் வந்தது! இதே நிலையில் இன்னும் சிலர் கிடைத்தார்கள். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் துருவியதில், எல்லோரும் கள்ளத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினை ஏற்றிக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. அதில் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது.

மூளைக்குள் போனதும் ஒரு நொதி எம்பிடிபியை நஞ்சாக மாற்றிவிடுகிறது. உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதித் தூதைச் சுரக்கும் செல்கள்தான் பார்க்கின்சனில் சாகின்றன. அந்தச் செல்களில் டோபமைனை உள்ளே இழுக்கும் வாசல், ஆள் தெரியாமல் இந்த நஞ்சையும் உள்ளே விடுகிறது. அதனால்தான் அடி டோபமைன் செல்களுக்கு. உள்ளே போன நஞ்சு, செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் 'காம்ப்ளெக்ஸ் 1' என்ற புரதத் தொகுப்பை அடைக்கிறது.

கான்கிரீட் போடும்போது வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்களே, மைட்டோகாண்ட்ரியா எலெக்ட்ரான்களை அப்படித்தான் கைமாற்றி ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கிறது. வரிசையின் தொடக்கத்திலேயே ஓர் ஆள் திணறினால்? மேலே வேலை நடக்காது, கீழேயும் சிந்தும். சிந்திய எலெக்ட்ரான் ஆக்சிஜனோடு ஒட்டி, கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எதையும் விட்டுவைக்காத மூலக்கூறாகிறது. ஆற்றல் பஞ்சம், ஆக்சிஜனேற்றச் சேதம் இரண்டும் ஒரே ஓட்டையிலிருந்து வருகின்றன.

சரி, போதை ஊசியே போடாதவர்களுக்கு? 1989இல், இறந்த பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில், இந்த டோபமைன் செல்கள் இருக்கும் நடுமூளையிலும் காம்ப்ளெக்ஸ் 1 மந்தமாக இருப்பது தெரியவந்தது. சில குடும்பங்களில் இளவயதிலேயே நோய் வரக் காரணமான பிங்க்1, பார்க்கின் மரபணுக்களின் வேலையும் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்துவதுதான்.

அந்த டோபமைன் செல்களும் பாவம், பெரிய சம்சாரிகள். ஒரே செல்லின் கிளைகள் லட்சக்கணக்கான இணைப்புகளுக்குத் தீனி போட வேண்டும். யாரும் தூண்டாமலே ஓயாமல் துடிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் நுழையும் கால்சியத்தை வெளியேற்ற ஏடிபி செலவாகிறது. போதாததற்கு, டோபமைனே எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் சரக்கு. கூடவே இரும்பும் குவிந்திருக்கிறது.

அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போதுமே என்று தோன்றும். வைட்டமின் ஈ, கோஎன்சைம் க்யூ10 இரண்டையும் பெரிய ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் வேகம் குறையவில்லை. கொடுத்த நேரம் பிந்திவிட்டதும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது. கை நடுங்கத் தொடங்கும்போதே அந்தச் செல்களில் பெரும்பங்கு செத்துவிட்டிருக்கும்.